கூகைக்கு இடம் கொடுப்பது யார்?

ஆந்தை இனமான கூகைக்குக் கூடு கட்டத் தெரியாது. மரப்பொந்து, பாழடைந்த வீடு, கோபுரத்து மாடம் என்று ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஓர் இருட்டு மூலையில்தான் முட்டையிடும். டெல்டா வயல்களுக்கு எலி வேட்டைக்காரர்களைத் திரும்பக் கொண்டுவருவது பற்றிப் பேசுகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேட்டை விலங்கைத் திரும்ப விடுவது என்றாலே நமக்குக் கூண்டும் விமானமும்தான் நினைவுக்கு வருகின்றன. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு வந்தன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து பிடித்துவந்த 31 ஓநாய்களை விட்டார்கள். சுற்றியிருந்த பண்ணைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், ஆடு மாடு போனால் இழப்பீடு உண்டு என்று சொன்ன பிறகும் அந்தக் கோபம் முழுசாக அடங்கவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஓநாயால் வரும் பெருமை ஊருக்கு, நட்டம் அவர்கள் பட்டிக்கு. கூகை விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆட்டைத் தொடாது, நெல்லைத் தின்னாது, இலவசமாக எலி பிடிக்கும். அப்படியும் நம் வயல்களில் அதற்கு இடம் குறைந்துகொண்டே போகிறதே, ஏன்?

முதலில் அது எப்படி எலி பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம். கூகையின் தட்டு போன்ற முகம் ஒலியை அள்ளிக் காதுக்குள் அனுப்புகிறது. இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை, ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. சத்தம் இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேரத்தில் இருக்கும் நூலிழை வித்தியாசம் எலி இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்லிவிடும், சத்தத்தின் அளவில் இருக்கும் வித்தியாசம் மேலேயா கீழேயா என்று சொல்லிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாத முழு இருட்டறையிலும் அது எலியைப் பிடிப்பதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். இறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பு இருப்பதால் பறக்கிற சத்தம் எலிக்குக் கேட்காது, கூகைக்கும் தன் சிறகடிப்பு இடைஞ்சல் இல்லை.

சிறிய எலியென்றால் முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டையைப் பிரித்து மண்டை ஓட்டையும் பல்லையும் பார்த்தால் என்ன தின்றது என்று தெரிந்துவிடும். மயிலாடுதுறை பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள், உருண்டைகளில் இருந்தது பெரும்பாலும் எலி வகைகள்தான்.

சரி, அப்படியானால் கூகை வந்தால் எலி ஒழிந்துவிடுமா? ஒழியாது. வயலில் அதிக நாசம் செய்யும் கரம்பை எலி மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஓர் ஈடு போட்டுவிடும், அதுவும் பயிர் சூல்கட்டிக் கதிர் வரும் சமயத்தில்தான் அதன் இனப்பெருக்கம் உச்சத்துக்குப் போகும். டெல்டாவில் இன்னொரு சிக்கல், மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகு தலைமடைக்காரர்கள் நடவு முடிக்கும்போது கடைமடையில் அப்போதுதான் சேடை ஓட்டிக்கொண்டிருப்பார்கள், ஆகவே ஏதாவது ஒரு வயலில் எலிக்குச் சாப்பாடு இருந்துகொண்டே இருக்கும். பெருகிவிட்ட எலியைக் கூகையால் துரத்திப் பிடித்து முடிக்க முடியாது. பருவத்தின் தொடக்கத்தில், எலி குறைவாக இருக்கும்போது, அது பெருகவிடாமல் அமுக்கிவைப்பதில்தான் கூகையின் பலம். அதனால் முதலில் நம்ம தஞ்சாவூர் கிட்டிப் பொறியை வைத்து எலியைக் குறைத்துவிட்டு மிச்சத்தைப் பறவைகளிடம் விடுவதுதான் புத்திசாலித்தனம்.

பறவை உட்கார இடமும் வேண்டும். வரப்பில் மரமே இல்லாத வெட்டவெளி வயலில் அது எங்கே உட்கார்ந்து காது கொடுக்கும்? தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைப்பது அதற்குத்தான். கதிர் வந்ததும் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் நெல் கொத்தும் குருவிகளுக்கு நாமே நாற்காலி போட்டது போலாகிவிடும்.

கூகைகளைக் கூண்டில் வளர்த்து விட்டால் போதாது என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. 1980களில் அங்கே ஆர்வலர்கள் வளர்த்த கூகைகளை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வெளியே விட்டார்கள், பெரும்பாலானவை பிழைக்கவில்லை, கடைசியில் உரிமம் இல்லாமல் விடக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். பலன் தந்தது கூகை முட்டையிட வைத்த பெட்டிதான், அப்புறம் வயலோரம் வெட்டாமல் விட்ட புல். இஸ்ரேலில் 1983ல் ஒரு கூட்டுப் பண்ணையில் பெட்டி வைக்கத் தொடங்கினார்கள், பிறகு அது நாடு முழுக்கப் பரவி, ஜோர்டான், பாலஸ்தீன விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். சண்டை போடுகிற ஊர்க்காரர்களே இதில் சேர்ந்ததற்குக் காரணம் எளிது, கூகை எல்லைக்கோடு பார்ப்பதில்லை.

நம் ஊரில் சிக்கலும் அதேதான். என் வயலில் பெட்டி வைத்தால் பக்கத்து வயல்காரருக்கும் எலி குறையும். அவர் எலிக்கு விஷம் வைத்தால் என் வயல் கூகை சாகும். புரோமோடயலோன் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து, தின்ற எலி சில நாள் கழித்துத்தான் சாகும், அதற்குள் தள்ளாடித் திரியும், தள்ளாடுகிற எலிதான் கூகைக்குச் சுலபமான இரை, மருந்து அதன் ஈரலில் தங்கிவிடும். இன்னொரு எலி விஷமான ஜிங்க் பாஸ்பைடு அப்படித் தங்காது, அந்த ஒரு விஷயத்தில் பரவாயில்லை. எலிக்கென்று வயலைச் சுற்றி மின்கம்பி கட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல, அதில் கீரி, சாரைப்பாம்பு மட்டுமா, மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

கூகைக்கு இடம் குறைவதற்கு, அது கத்தினால் சாவு என்ற பயம்தான் காரணம் என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகக்கூடத் தெரியவில்லை. டெல்டாவில் நிலம் ஒருவர் பெயரில், உழைப்பு வேறொருவருடையது. கோயில், மடத்து நிலங்கள் ஏராளம், சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நிலங்களும் உண்டு. எலி தின்ற நெல் குத்தகைக்காரர் கணக்கில்தான் போகும், உரிமையாளருக்கு வரவேண்டிய குத்தகை வந்துவிடும். வரப்பில் பனையை நிற்க விடுவதா, கம்பம் நட்டுப் பெட்டி வைக்கலாமா, பாழடைந்த வீட்டை இடிப்பதா என்பதை முடிவு செய்கிறவரோ உரிமையாளர். நட்டப்படுகிறவர் கையில் முடிவு இல்லை, முடிவெடுப்பவருக்கு எலித் தொல்லை தெரியாது. யெல்லோஸ்டோன் பண்ணைக்காரரிடமாவது எதிர்ப்பு என்று ஒன்று இருந்தது, பேசி வழிக்குக் கொண்டுவரலாம். இங்கே எதிர்ப்பும் இல்லை, அக்கறையும் இல்லை.

அதனால் ஒவ்வொரு விவசாயியாகப் போய் மனம் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரே உரிமையாளரிடம் தொடர்ச்சியாகப் பெரிய பரப்பு இருக்கும் கோயில் நிலங்களில் தொடங்கினால், பெட்டிக்கும் அனுமதி ஒரே இடத்தில் வாங்கலாம், இந்தப் பருவம் எந்த மருந்து என்பதையும் ஒன்றாக முடிவு செய்யலாம். குடமுழுக்குத் திருப்பணியில் புறாவுக்குப் பயந்து கோபுர மாடங்களுக்கு வலை அடிக்கும்போது ஓரிரண்டு மாடத்தைத் திறந்து விடச் சொல்லிக் கேட்கலாம், அதற்குச் செலவே கிடையாது. பெட்டியென்றால் ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஏணி போட்டு ஏறி உருண்டைகளை அள்ளிப் போட வேண்டும், அந்தக் கூலியைக் குத்தகைக்காரர் தலையில் கட்டாமல் உரிமையாளரே கொடுக்கட்டும்.