டிஃப்ராக்மென்டேஷன்: உடையாததற்கு ஓர் உடைசல் பெயர்

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கா? ஒரு டிஃப்ராக் போடு." விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் இந்த வைத்தியத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. போட்டுவிட்டு உட்கார்ந்தால் விண்டோஸ் 98 திரையில் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் அதை டி.வி. பார்ப்பது போலப் பார்த்திருக்கிறோம். என்ன நடக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. ஏதோ நல்லது நடக்கிறது என்று ஒரு நம்பிக்கை.

முதலில் வேரைப் பார்க்கலாம். லத்தீனில் 'ஃப்ராங்கெரே' என்றால் உடைத்தல். அதிலிருந்து வந்தது 'ஃப்ராக்மென்டும்', அதாவது உடைந்த துண்டு. எலும்பு முறிந்தால் டாக்டர் சொல்லும் ஃப்ராக்சர், கண்ணாடிச் சாமான் வரும் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் ஃப்ரஜைல், கணக்கு வகுப்பின் ஃப்ராக்ஷன் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். (ஃப்ராக்ஷனுக்கு நாம் சொல்லும் 'பின்னம்' கூட வடமொழியில் 'உடைந்தது' என்ற பொருளுள்ள சொல்தான். மூக்கு உடைந்த சிலையைப் பின்னமான சிலை என்கிறோமே, அதே பின்னம்.) முன்னால் நிற்கும் 'டி', செய்ததை மாற்றிப் போடுவதைக் குறிக்கும் ஒட்டு. ஆக, துண்டானதைத் துண்டில்லாமல் ஆக்குவது என்பது நேர்ப்பொருள்.

சரி, கம்ப்யூட்டருக்குள் எது துண்டாகிறது? மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது குடும்பம் குடும்பமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். திருமங்கலத்தில் இரண்டு பேர் இறங்குவார்கள், விருதுநகரில் ஒருவர். சாத்தூரில் ஆறு பேருள்ள குடும்பம் ஏறும். சேர்ந்தாற்போல் இடம் இருக்காது. அப்பா முன் சீட்டில், பிள்ளைகள் நடுவில், பாட்டி கடைசியில் என்று கிடைத்த இடத்தில் உட்காருவார்கள். குடும்பம் ஒன்றும் பிரிந்துவிடவில்லை. ஆனால் ஆறு பேரையும் பார்க்க வேண்டுமானால் கண்டக்டர் முன்னும் பின்னும் நடக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் அந்தக் கண்டக்டர் வேலையைச் செய்வது, தட்டின் மேல் நகரும் படிப்புமுனை. சீட்டுக்குப் பெயர் கிளஸ்டர். இன்றைய விண்டோஸ் வழக்கமாக 4 கிலோபைட் அளவில் அதை வகுக்கிறது. கோப்புகளை அழிக்க அழிக்க நடுநடுவே காலியிடம் விழும், புதிய கோப்பு அந்த இடுக்குகளில் பிரிந்து போய் உட்காரும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு சுமார் 8.3 மில்லிவினாடி. வேண்டிய இடம் முனைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு தாவலுக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிவினாடி ஆகிவிடும். ஒரு கோப்பு 500 இடங்களில் சிதறிக் கிடந்தால் தாவுவதிலேயே ஐந்தாறு வினாடி போய்விடுகிறது. பழைய கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே கோப்பைத் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் ஆங்கிலச் சொல்லோடு எனக்குச் சண்டை. இதில் எதுவும் உடையவில்லை. கோப்பு முழுசாகத்தான் இருக்கிறது, இடம்தான் சிதறியிருக்கிறது. நம் 'கோப்பு' என்ற சொல் இதை அழகாகக் காட்டிக்கொடுக்கிறது. கோத்தல் என்பதிலிருந்து பிறந்தது அது. கோத்து வைக்கப்பட்டது கோப்பு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பழைய ஃபேட் முறையில் ஒவ்வொரு கிளஸ்டருக்கும் எதிரே 'அடுத்தது எங்கே' என்று ஒரு எண் எழுதியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் கோப்பின் முடிவு வந்துவிடும். மணிகள் எங்கெங்கோ கிடந்தாலும் நூல் அறவில்லை.

அதனால்தான் 'துண்டு நீக்கம்' என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒட்டுக்கு ஒட்டு, வேருக்கு வேர் என்று பார்த்தால் சரிதான். ஆனால் விஷயம் தெரியாமல் அந்தப் பொத்தானைப் பார்க்கிறவருக்கு, துண்டுகளை எடுத்து எறிந்துவிடும் என்றல்லவா தோன்றும்? கல்யாண போட்டோ வைத்திருக்கும் டிஸ்க்கில் எவர் துணிந்து அதை அழுத்துவார்? 'துண்டிணைப்பு' பரவாயில்லை, ஆனால் வேகமாகப் படித்தால் துண்டிப்பு என்று கண்ணில் படுகிறது. என் கணக்கில் ஃப்ராக்மென்டேஷனுக்குச் 'சிதறல்' போதும். டிஃப்ராக்மென்டேஷனுக்கு 'ஒருங்கடுக்கல்': ஒருங்கு சேர்த்து, வரிசையாக அடுக்குவது. உண்மையில் நடப்பதும் அதுதான். பேச்சில் 'டிஃப்ராக்' இருந்துவிட்டுப் போகட்டும். எழுதும்போது இதைப் புழங்கலாம்.

ஹார்ட் டிஸ்க்குக்கு வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டு என்று மூன்று வழங்குகின்றன. வளையும் ஃப்ளாப்பிக்கு எதிர்ப்பதமாகத்தான் 'ஹார்ட்' வந்தது, எனவே 'வன்' பொருத்தம். நிலைவட்டு என்பதும் தவறில்லை; ஐபிஎம் இதையே 'ஃபிக்ஸட் டிஸ்க்' என்றுதான் அழைத்தது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்த எஃப்டிஸ்க் கட்டளையின் முதலெழுத்தும் அந்த ஃபிக்ஸட்தான்.

இந்தச் சொல்லைப் பலருடைய காதிலும் விழவைத்தது மைக்ரோசாஃப்ட். 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6-இல் 'டிஃப்ராக்' என்ற கட்டளை இருந்தது. அது சொந்தச் சரக்கல்ல, சைமன்டெக் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்றது. விண்டோஸ் 2000-இல் இருந்ததும் இன்னொரு நிறுவனத்தின் டிஸ்க்கீப்பர் என்ற மென்பொருளை ஒட்டியதே. விண்டோஸ் விஸ்டா வந்ததும் வண்ணக் கட்டங்கள் போயின. விண்டோஸ் 7, புதன்கிழமை இரவு 1 மணிக்குத் தானாகவே வேலையை முடித்துக்கொள்ளும்படி அமைந்திருந்தது. விண்டோஸ் 8-இலிருந்து கருவிக்கு 'ஆப்டிமைஸ்' என்ற பெயரும் சேர்ந்தது. தமிழில் அதை உகப்பாக்கம் என்கிறார்கள்.

பெயர் மாறியதற்குக் காரணம், சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி டிரைவ். அதில் சுழலும் தட்டு கிடையாது, நகரும் முனையும் கிடையாது; கண்டக்டர் நடக்கவே வேண்டாம். அங்கே போய் ஒருங்கடுக்கினால் பெரிய பலன் இல்லை, மீண்டும் மீண்டும் எழுதுவதால் அதன் ஆயுள்தான் தேயும். அதனால் எஸ்எஸ்டி என்று கண்டுகொண்டால் விண்டோஸ் முக்கியமாக 'ட்ரிம்' என்ற கட்டளையை அனுப்புகிறது. 'இந்தக் கிளஸ்டர்களில் இருப்பது இனி வேண்டாதது' என்று டிரைவுக்குத் தகவல் சொல்வது, அவ்வளவுதான்.

எதற்கும் உங்கள் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட்டை அழுத்தி 'டிஃப்ராக்' என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். வரும் ஜன்னலில் ஒவ்வொரு டிரைவுக்கும் நேராக அது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று போட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் சிதறல் எத்தனை சதவீதம் என்பதும் தெரியும். விண்டோஸ் 7 காலத்து உதவிக் குறிப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் செய்யச் சொன்னது. எக்ஸ்பியின் கருவியோ 15 சதவீதம் காலியிடம் இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும். ஒரு காலி சீட்டுகூட இல்லாத பஸ்ஸில் யாரை எங்கே மாற்றி உட்கார வைப்பது?

அப்புறம் ஒன்று. நிஜமான உடைசல் என்று ஒன்று உண்டு. தட்டின் ஒரு பகுதியே படிக்க முடியாமல் போவது, கோப்புப் பட்டியலே குழம்பிப் போவது போன்றவை அதில் சேரும். அதற்கு டிஃப்ராக் மருந்தல்ல; அதைச் சோதித்துப் பார்க்க 'செக்டிஸ்க்' என்ற வேறு கருவி இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வர ஆரம்பித்துவிட்டால் இரண்டையும் தொடாதீர்கள். முதலில் போட்டோக்களை வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.