கண்டல் காட்டில் மூச்சு இழுப்பது யார்?

'பிச்சாவரத்தில் படகில் போகும்போது சேற்றில் ஆணி அடித்து வைத்ததுபோல் குத்துக் குத்தாக நிற்கிறதே, அவை ஆக்ஸிஜனை வெளியே விடும் வேர்கள் என்கிறார்கள். நிஜமா?' என்று கடலூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி நிஜம். மீதிப் பாதி அதைவிட சுவாரஸ்யமானது.

முதலில் இடம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாற்றுக்கும் தெற்கில் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேரில் ஐம்பது சொச்சம் திட்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது இந்தக் கண்டல் காடு, அதாவது மாங்குரோவ் காடு. கடலுக்கும் இதற்கும் குறுக்கே ஒரு மணல் மேடு. சின்னவாய்க்கால் பக்கம் அந்த மேடு வாய் திறந்திருப்பதால் ஓதம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல்நீர், உள்ளே வந்து போகிறது. படகு போகும் வாய்க்கால்களின் ஓரத்தில் வில்லாக வளைந்த வேர்களோடு நிற்பது சுரபுன்னை. எல்லோருடைய செல்ஃபியிலும் இருப்பது அதுதான். கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்பது வெண்கண்டல். கேள்விக்குரிய ஆணிகள் வெண்கண்டலுடையவை.

உப்பு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. சுரபுன்னை அதில் பெரும்பங்கை வேரிலேயே வடிகட்டி வெளியே நிறுத்திவிடுகிறது. வெண்கண்டல் கொஞ்சத்தை உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகள் வழியாகக் கக்கிவிடுகிறது. வெயில் ஏறிய பிறகு இலையைத் தடவிப் பார்த்தால் விரலில் உப்புப் பொடி ஒட்டும். பள்ளிப் பாடத்தில் இதுவரை இருக்கும்.

கண்டலுக்கு உப்பைவிடப் பெரிய தொல்லை சேறு. மாவுபோல் நுண்ணிய களிமண், இடுக்கெல்லாம் தண்ணீர். தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மேலிருந்து இறங்கும் சொற்ப ஆக்ஸிஜனையும் முதல் சில மில்லிமீட்டரிலேயே பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடுகின்றன. அதற்கும் கீழே இருப்பவை கடல்நீரின் சல்பேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள். காலை விட்டுக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம், அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு. சேற்றின் கறுப்பு, இரும்பு சல்பைடு. இந்த இடத்தில் வேர் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் மேலிருந்து காற்று வந்தாக வேண்டும்.

அதற்குத்தான் ஆணிகள். சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடும் வேரிலிருந்து வரிசையாக மேல்நோக்கிக் கிளம்பும் கிளை வேர்கள் இவை. பென்சில் கனம், சாண் உயரம், ஒரு மரத்துக்கு ஆயிரக்கணக்கில். உள்ளே முழுக்கப் பஞ்சுபோல் காற்றறைகள். அவை கீழ்வேரின் காற்றறைகளோடு இணைந்திருக்கின்றன. வெளித்தோலில் மரு மருவாகத் தெரிபவை பட்டைத்துளைகள். காற்று போய்வரும் வழி அவைதான். தோலுக்கு அடியில் மெல்லிய பச்சைப் படலம்கூட உண்டு, வேராக இருந்தும் கொஞ்சம் ஒளிச்சேர்க்கை செய்துகொள்ளும்.

ஏதோ உறிஞ்சு குழல் செருகியதுபோல் காற்று தானாக இறங்குகிறது என்று நினைத்தால் நல்ல பகுதியைத் தவறவிட்டுவிடுவோம். ஓதம் ஏறும்போது ஆணிகள் முங்கிப்போகின்றன. பட்டைத்துளைகள் எண்ணெய்த் தாளைப்போல் தண்ணீரை ஒட்டவிடாதவை. துளை சிறிது, உள்ளே காற்று, அதனால் தண்ணீர் நுழையாது. காற்றும் நுழையாது. அடுத்த சில மணி நேரத்துக்கு வேர் தன் கையிருப்பில்தான் வாழ வேண்டும்.

கணக்குக்காக, வேருக்குள் 100 மில்லிலிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 18 ஆக்ஸிஜன், மற்றதில் பெரும்பங்கு நைட்ரஜன். முங்கியிருக்கும் நேரத்தில் வேர் 8 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. பதிலுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு கரியமில வாயு உண்டாகும், கணக்கு சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் கரியமில வாயு தண்ணீரில் ஆக்ஸிஜனைவிட 25 மடங்குக்கு மேல் கரையும். சோடா பாட்டில் வேலை செய்வது இதனால்தான். உண்டான வாயு வேரின் சாற்றிலும் சுற்றியுள்ள நீரிலும் கரைந்து காணாமல் போகிறது. நைட்ரஜன் அப்படியே இருக்கிறது. மொத்தத்தில் 100 என்பது 92 ஆகிவிட்டது. வேரின் சுவர் விறைப்பானது, சுருங்காது. ஆகவே உள்ளே அழுத்தம் குறைகிறது.

ஓதம் வற்றுகிறது. ஆணியின் நுனி தண்ணீருக்கு மேலே தலை காட்டுகிறது. முதல் பட்டைத்துளை வெளியே வந்ததும் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மனிதனுக்கு மூச்சிழுக்க உதரவிதானம் உண்டு. இங்கே உதரவிதானம் கிடையாது, தசை கிடையாது. வாயு கரைவதும் தண்ணீர் வடிவதும் மட்டும். மரம் இதற்கென்று தனியாக ஒரு சக்தியும் செலவழிப்பதில்லை. 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நிலவு அதற்காக மூச்சு இழுத்துக் கொடுக்கிறது! இது முதல் மிடறு. ஆணி வெளியே நிற்கும் மற்ற நேரமெல்லாம் ஆக்ஸிஜன் சாதாரணப் பரவலாகவே இறங்கிக்கொண்டிருக்கும்.

இதை அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் உடலியல் விஞ்ஞானி ஷோலாண்டர். சீல்கள் தண்ணீருக்கடியில் எப்படி மூச்சடக்குகின்றன என்று ஆராய்ந்தவர், அடுத்து மரத்தின் மூச்சுக்கு வந்தார். 1955-இல் வெளியான ஆய்வில் அவர் குழு செய்த சோதனை எளிமையானது: சுரபுன்னை இன மரத்தின் வளைவேர்களில் சேற்றுக்கு மேலேயிருக்கும் பட்டைத்துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்தார்கள். அடைக்குமுன் சேற்றுக்குள்ளிருந்த வேரில் ஆக்ஸிஜன் 15 முதல் 18 சதவீதம் வரை இருந்தது. இரண்டே நாளில் 2 சதவீதத்துக்கு இறங்கியது. காற்று எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி ஒரு டப்பா கிரீஸில் தீர்ந்தது.

வாசகர் கேட்டதில் நிஜமான பாதி இது. கீழே போன ஆக்ஸிஜனில் கொஞ்சம் நுண்வேர்களின் தோல் வழியாகச் சேற்றுக்குள் கசிகிறது. கறுப்புச் சேற்றிலிருந்து எடுத்த வேரைக் கவனித்தால் அதைச் சுற்றித் துருநிறத்தில் ஒரு மெல்லிய உறை தெரியும். கசிந்த ஆக்ஸிஜன் பட்டு இரும்பு துருப்பிடித்திருக்கிறது. சல்பைடு விஷம் வேரை நெருங்காமல் தடுப்பதும் இந்த உறைதான். ஆகவே ஆக்ஸிஜனை வெளியே விடுவது ஆணி அல்ல, சேற்றுக்குள் இருக்கும் வேர். விடுவதும் சேற்றுக்கு, நம் மூக்குக்கு அல்ல. 'இந்தக் காட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நுரையீரல் சுத்தமாகும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் போகிறவர்களுக்குக் கிடைப்பது கொசுக்கடி.

எல்லாம் தண்ணீர் வடிவதைப் பொறுத்தது என்பதால் கோளாறும் அங்கேதான் வரும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை, சுந்தரவனத்தில் பல மீட்டர். ஆணியின் உயரமோ ஒரு சாண். மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்தால் உள்ளே நிற்கும் நீர் ஒரு சாண் உயர்ந்தாலே போதும், ஆணிகள் வாரக்கணக்கில் முங்கிக் கிடக்கும், மரம் நின்றபடியே மூச்சுத் திணறிச் சாகும். வெள்ளத்தில் வந்த வண்டல் ஆணிகளை மூடினாலும், எண்ணெய்ப் படலம் பட்டைத்துளையை அடைத்தாலும் இதே கதி. கிரீஸ் சோதனையை நாமே பெரிய அளவில் செய்ததாகிவிடும்.

பிச்சாவரத்தில் இதற்குப் பழைய சாட்சி உண்டு. 1970-கள் வரை கூப்பு விட்டுப் பகுதி பகுதியாக மரங்களை மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் சேற்றின் ஈரம் ஆவியாகி, மண் உள்வாங்கி, வெட்டிய இடமெல்லாம் தாம்பாளம்போல் குழிந்தது. ஏறிய ஓதநீர் இறங்க வழியின்றித் தேங்கியது. வெயிலில் வற்ற வற்ற உப்பு கடல்நீரைவிடக் கூடியது. விதை விழுந்தாலும் முளை நிற்கவில்லை. மாடு மேய்ந்ததுதான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து செய்த வைத்தியம் வாய்க்கால் வெட்டுவது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் 45 டிகிரி சாய்வில் கிளைகள், பார்க்க மீன்முள் மாதிரி. கரை சரியாமலிருக்க மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வெட்ட வேண்டும். ஓதம் வந்து போகத் தொடங்கியது, உப்பு இறங்கியது, கன்று பிடித்தது. வாய்க்காலில் வண்டல் சேரும் என்பதால் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

கன்று நடும் விழாவுக்குப் பேனர் கட்டப் பணம் கிடைக்கிறது. ஓர் அளவுகோலை நட்டுப் பத்து வருடம் நீர்மட்டம் குறிக்கும் வேலைக்குக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவது வேலைக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். தண்ணீர் எத்தனை மணி நேரம் நிற்கிறது, எவ்வளவு வடிகிறது என்று தெரியாமல் ஆயிரம் கன்று நடுவது, கிணற்றின் ஆழம் பாராமல் கயிறு வாங்குவதுபோல.

அடுத்த முறை போகிறவர்கள் ஓதம் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். தினமும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக இறங்கும், அஷ்டமி வாக்கில் அவ்வளவாக இறங்காது. ஆணிகளில் சேற்றுக் கறை எந்த உயரம் வரை இருக்கிறது என்று பாருங்கள். ஏற்றத்தில் தண்ணீர் எட்டிய இடம் அது. வற்றிய நேரத்திலும் ஆணிகளின் தலை வெளியே தெரியாத இடம் இருந்தால் அண்ணாந்து பாருங்கள். அங்கே நிற்கும் மரங்களின் உச்சிக் கிளைகளில் இலை குறையத் தொடங்கியிருக்கலாம்.