பவளத் தொட்டிக்கு விளக்கு எத்தனை மணி நேரம்?

கடல் பவளத் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "லைட்டை எத்தனை மணி நேரம் போடணும்?" எட்டு, பத்து என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டதால் பவளங்கள் வெளுத்துப்போன தொட்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஒளி எவ்வளவு வலுவானது, அது எவ்வளவு நேரம் விழுகிறது, இந்த இரண்டையும் பெருக்கி வருவதுதான் பவளத்துக்குக் கிடைக்கும் ஒரு நாள் ஒளி. டைமரில் தெரிவது அதில் பாதி மட்டுமே.

பவளத்தின் திசுவுக்குள் ஸூசாந்தெல்லே என்ற ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போய்விடுகிறது, அதனால் ஒளி குறைந்தால் பவளம் மெல்லப் பட்டினி கிடக்கும். இது எல்லோருக்கும் புரிகிறது. ஒளி கூடினால் என்ன ஆகும் என்பதுதான் புரிவதில்லை. ஒளிச்சேர்க்கைக்கு ஓர் உச்ச வேகம் உண்டு, அதைத் தாண்டி விழும் ஒளி பயன்படாமல் வீணாவதோடு நிற்காது, ஆக்ஸிஜனின் தீங்கான வடிவங்களை உருவாக்கிச் செல்களைச் சேதப்படுத்தும், பவளம் தன் பாசிகளை இழந்து வெளுக்க ஆரம்பிக்கும். நீர் சூடாக இருந்தால் இந்தச் சேதம் இன்னும் சீக்கிரம் வரும். எனவே தொட்டி 29, 30 டிகிரியில் நிற்கிற நாட்களில் விளக்கின் வலுவைக் கூட்டிப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளப்பது பார் (PAR) மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி விழுகிறது என்று அது காட்டும் எண்ணைத்தான் பார் என்கிறோம். மஷ்ரூம், லெதர், சோவாந்திட் போன்ற மென்மையான வகைகளுக்குப் பார் 50 முதல் 150 வரை இருந்தால் போதும், டார்ச், ஹேமர் என்ற பவளங்கள் எல்லாம் ஏறக்குறைய அதே எல்லைக்குள் நன்றாக இருக்கும். ஆக்ரோபோரா, மான்டிபோரா போன்ற கடினமான வகைகளுக்கு 200 முதல் 350 வரை வைப்பார்கள். இப்போது ஒரு தொட்டியில் பார் 250, ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்கு 7.2 மோல் ஒளி வருகிறது. பார் 200-ஆக இருந்து 10 மணி நேரம் எரிந்தாலும் அதே 7.2 மோல்தான். ஆனால் ஒருவர் "கொஞ்சம்தானே" என்று 250-ஐ 300 ஆக்குகிறார், அடுத்த வாரம் 8 மணியை 10 ஆக்குகிறார், கணக்கு 10.8 மோலுக்குப் போய்விடுகிறது. ஒன்றரை மடங்கு! அவர் கண்ணுக்குத் தொட்டியில் பெரிதாக எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. இதனால்தான் வலுவையும் நேரத்தையும் ஒரே சமயத்தில் தொடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒன்றை மாற்றுங்கள், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள், அப்புறம் அடுத்தது. பவளம் புதிய ஒளிக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள அவ்வளவு காலம் பிடிக்கும்.

அதற்காக 600 பாரை மூன்று மணி இருபது நிமிடம் கொடுத்துக் கணக்கைச் சமன் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன உச்ச வேகம் அங்கே குறுக்கே நிற்கும்.

பார் மீட்டர் இல்லாதவர்கள் போனில் ஒரு லக்ஸ் செயலியை இறக்கி அளக்கிறார்கள், அதை நம்பி வலுவைக் கூட்டுவது ஆபத்து. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்ற அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மை. பவளத் தொட்டி எல்இடிகளோ பெரும்பாலும் 420 முதல் 480 வரையுள்ள நீலத்தைக் கொட்டுகின்றன, பவளப் பாசியின் பச்சையம் நன்றாக உறிஞ்சுவதும் அந்த நீலத்தைத்தான். ஆக, நமக்கு மங்கலாகத் தெரிகிற நீலம் பவளத்துக்குக் கடும் வெயிலாக இருக்கலாம். "வெள்ளையை ஆறு மணிக்கே அணைத்துவிடுகிறேன், அப்புறம் வெறும் நீலம்தான்" என்று சொல்பவர்களிடம் அந்த நீலம் எத்தனை சதவீதத்தில் ஓடுகிறது என்று கேட்பேன். எண்பது என்பார்கள், நள்ளிரவு வரைக்கும். அவருடைய பவளத்துக்கு அன்று பகல் முடியவே இல்லை. தெரிந்த இடத்தில் மீட்டரை ஒரு நாள் இரவல் வாங்கினாலும் போதும். மேல் பாறையில், நடுவில், மணலில் என்று மூன்று உயரத்திலும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

நான் பொதுவாக வைக்கும் அட்டவணை இப்படி இருக்கும். காலை 11 மணிக்கு நீலம் மெல்ல ஏறத் தொடங்கி 1 மணிக்கு முழு வலுவைத் தொடும், 7 மணி வரை அப்படியே நிற்கும், பிறகு இறங்கி 9 மணிக்கு அணையும். உச்சம் ஆறு மணி நேரம், மொத்தம் பத்து. பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் தள்ளி வைப்பேன். தொட்டியின் பகல் வெளியே இருக்கும் பகலோடு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி. படுக்கப் போகும் வரை தொட்டியைப் பார்க்க ஆசை என்றால் நீலத்தை 5 சதவீதத்தில் கொஞ்ச நேரம் விட்டு வையுங்கள், பாதகமில்லை. பட்டென்று போட்டுப் பட்டென்று அணைப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன், மீன்கள் மிரளும், ராஸ் போன்றவை மிரண்டால் தொட்டியை விட்டே குதித்துவிடும். டைமருக்குள் பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள், மின்சாரம் போய் வந்தால் சில கட்டுப்பாட்டுக் கருவிகளில் கடிகாரம் பின்தங்கிப் போய் நடுராத்திரியில் உச்சி வெயில் அடிக்கும்.

தொட்டி வைத்த முதல் சில வாரங்களில், பவளமே இல்லாதபோது, இந்த அட்டவணை தேவையே இல்லை. நைட்ரஜன் சுழற்சியை, அதாவது கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றும் வேலையை, நடத்தும் பாக்டீரியாக்களுக்கு ஒளி வேண்டாம், அந்த நேரத்தில் விளக்கைப் போடுவது பாறையில் படரும் வேண்டாத பாசிக்குச் சோறு போடுவது மாதிரிதான்.

இரவும் அட்டவணையின் பகுதி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் 1981-இல் பல இனப் பவளங்கள் முழுநிலவுக்கு அடுத்த சில இரவுகளில் ஒன்றாக முட்டை வெளியிடுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள், நிலவொளியையே உணர்ந்து தன் நாட்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் உயிர் இது. அதன் தலைக்கு மேல் 'மூன்லைட்' என்ற பெயரில் பளீர் நீல விளக்கை வருடம் முழுக்க விடிய விடிய எரிய விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நிலவைப் பின்பற்றும் அமைப்பு உங்கள் விளக்கில் இருந்தால் மிகக் குறைந்த வலுவில் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

இப்போது ஏற்கெனவே பவளம் நிறம் மாறிப்போனவர்களுக்கு. பழுப்பாக இருண்டால் பெரும்பாலும் ஒளி போதவில்லை என்று பொருள், கிடைக்கும் ஒளியைப் பிடிக்கப் பவளம் பாசியைப் பெருக்குகிறது. ஆனால் நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தாலும் இதே நிறம் வரும், எனவே முதலில் நீரைச் சோதியுங்கள். சோவாந்திட் காம்பை நீட்டி மேலே எட்டிப் பார்த்தாலும் ஒளிக்கு ஏங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெளிறினால் நேர் எதிர், முக்கியமாக விளக்குக்கு நேராக இருக்கும் மேல்பக்கம் மட்டும் வெளிறினால். அங்கேயும் நீர்ச் சோதனை அவசியம், இந்த இரண்டு சத்தும் பூஜ்ஜியத்தில் கிடக்கும்போது வலுவான ஒளியைப் பவளத்தால் தாங்க முடியாது. வெளிறியதைப் பார்த்த பயத்தில் விளக்கை முழுதாக அணைத்துவிடுகிறார்கள், அது வேண்டாம், எஞ்சியிருக்கும் பாசிக்கும் உணவு நின்றுபோகும். நேரத்தை அப்படியே விட்டு வலுவை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், அல்லது பவளத்தை ஒரு தட்டு கீழே இறக்குங்கள், வெப்பநிலை 25, 26 டிகிரியில் ஆடாமல் நிற்கட்டும், உணர்கொம்புகள் வெளியே வரும் இரவு நேரத்தில் பொடி உணவு கொஞ்சம் கொடுங்கள். நிறம் திரும்ப வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். அதுவரை தினம் ஒரு இடமாக அதை நகர்த்தாமல், வாரம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் படம் எடுத்து வாருங்கள், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அந்தப் படங்களில் தெரியும்.