நான்கு நிமிடம் இருபது விநாடியில் உறையும் படம்

அக்கா வீட்டில் புது ரவுட்டர் வாங்கி மாட்டினேன். இணையம் வந்தது, டிவியும் வந்தது. நான்கு நிமிடம் கழித்துப் படம் அப்படியே உறைந்துவிட்டது. சேனல் மாற்றினால் மறுபடி ஓடும், நான்கு நிமிடச் சொச்சத்தில் மறுபடி நிற்கும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 260 விநாடி. வயர் பழுது என்றால் நேரம் கூடிக் குறையுமே, இது மாறவே இல்லை. அந்த 260 எங்கிருந்து வருகிறது என்று தேடியபோதுதான் கண்ணாடி இழைக்குள் டிவி எப்படி வருகிறது என்பதே எனக்குப் புரிந்தது.

மலேசியாவின் யூனிஃபையை எடுத்துக்கொள்வோம். டெலிகாம் மலேசியா 2010இல் தொடங்கிய சேவை இது. வீட்டுக்கு வருவது ஒரே இழைதான். ஆனால் அதற்குள் இணையமும் டிவியும் தனித்தனி வழியாக ஓடுகின்றன. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலைப்பிலும் 4 பைட் அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. அதில் 12 பிட்டில் ஓர் எண் இருக்கும். அந்த எண் குறிக்கும் தனி வழிக்குத்தான் விலான் என்று பெயர். 12 பிட்டுக்கு 4096 எண்கள் வரும். முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை, ஆகவே 4094 வழிகள் கிடைக்கும். யூனிஃபையில் இணையத்துக்கு 500, டிவிக்கு 600. சிங்கப்பூரில் சிங்டெல்லுக்கு இதே வேலையை 10, 20 என்ற எண்கள் செய்கின்றன. அதே சீட்டில் இன்னொரு 3 பிட், எந்தப் பொட்டலத்துக்கு முன்னுரிமை என்பதைச் சொல்லும்.

நிறுவனம் தரும் ரவுட்டரில் இந்த எண்களெல்லாம் முன்பே போட்டிருக்கும். நாம் கடையில் வாங்கும் ரவுட்டருக்கு அவை தெரியாது. 500 என்று ஒட்டி வரும் பொட்டலத்தை அது கண்டுகொள்ளாது. அதனால்தான் விளக்கெல்லாம் எரிந்தும் இணையம் வராமல் இருக்கிறது. டிபி-லிங்க், ஆசூஸ் ரவுட்டர்கள் பலவற்றில் ஐபிடிவி (இணைய இணைப்பின் வழியே வரும் டிவி) என்ற பக்கத்தில் யூனிஃபை என்றே ஒரு தேர்வு உண்டு. அதைத் தொட்டால் இரண்டு எண்களும் தாமாக அமர்ந்துகொள்ளும். இணைய வழியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், அவற்றை முன்பே வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிவி வழியில் அது தேவையில்லை. ரவுட்டர் 600 என்ற சீட்டைக் கிழித்துவிட்டு, பொட்டலத்தைக் கேபிள் செருகும் துளைகளில் குறிப்பிட்ட ஒன்றின் வழியே செட்டாப் பாக்ஸுக்கு அனுப்பும். எந்தத் துளை என்பது மாடலுக்கு மாடல் மாறும், அமைப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கும். உங்களுடையது சாதாரண இணையம் வழியாகவே ஓடும் ஆண்ட்ராய்டு பாக்ஸ் என்றால் இந்த டிவி வேலை எதுவும் வேண்டாம்.

சரி, இதுவரை எண் விளையாட்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான்.

யூடியூப்பில் ஒரே காட்சியை நூறு வீடுகள் பார்த்தால் நூறு தனிப் பிரதிகள் ஓடும். நேரலை டிவியை இப்படி அனுப்பினால் இழை தாங்காது. ஒரு சேனலுக்கு விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரே இழையைப் பங்கிடும் 32 வீடுகளும் ஒரே பந்தாட்டத்தைப் பார்த்தால் 256 மெகாபிட் ஆகிவிடும். ஆகவே நிறுவனத்தின் நிலையம் ஒரே ஒரு பிரதியைத்தான் அனுப்புகிறது. வழி பிரியும் இடத்தில், கேட்டவர் இருக்கும் கிளைக்கு மட்டும் நகல் எடுத்துத் தரப்படுகிறது. இதற்குப் பெயர் மல்டிகாஸ்ட். தெருமுனையில் இழை பிரியும் இடத்தில் இருப்பதோ மின்சாரமே இல்லாத வெறும் கண்ணாடிப் பிரிப்பான். அங்கே ஒளியே பிரிந்து 32 வீட்டுக்கும் போகிறது, நகல் தானாகவே கிடைத்துவிடுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஒவ்வொரு சேனலும் 224 முதல் 239 வரை தொடங்கும் ஏதோ ஓர் ஐபி முகவரியில் இருக்கிறது. ரிமோட்டை அழுத்தியதும் செட்டாப் பாக்ஸ், "இந்தக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்" என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். சேனலை மாற்றினால் விலகல் செய்தி ஒன்று, புதிய சேர்க்கை ஒன்று. இந்தப் பேச்சுக்கான நெறிமுறை ஐஜிஎம்பி. அதன் முதல் பதிப்பு 1989இலேயே வந்துவிட்டது.

யாராவது விலகல் சொல்லாமலே மின்சாரத்தை அணைத்துவிட்டால்? அதற்காகத்தான் மேலே, நிறுவனத்தின் பக்கம் இருக்கும் கருவி 125 விநாடிக்கு ஒருமுறை, "யாராவது இன்னும் பார்க்கிறீர்களா?" என்று கேட்கிறது. பதில் சொல்ல 10 விநாடி அவகாசம். ஒரு கேள்வி வழியில் தவறியிருக்கலாம் என்று இரண்டு சுற்று பொறுத்துப் பார்க்கும். இரண்டு 125, கூட ஒரு 10. மொத்தம் 260.

அக்கா வீட்டில் நடந்தது இதுதான். ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவே நான் வைத்திருந்த சிறிய நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பங்கிடும் பெட்டி) அந்தக் கேள்வியைச் செட்டாப் பாக்ஸுக்கு விடவில்லை. பார்க்கும் ஆளே இல்லை என்று எண்ணி மேலே இருந்த கருவி ஓட்டத்தை நிறுத்திவிட்டது. ஸ்விட்சை எடுத்துவிட்டு நேரடியாக ஒரு கேபிளை இழுத்ததும் சரியாகிவிட்டது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. டிவி வழியைத் தனித் துளையில் வைக்காமல் வீட்டு வலையோடு கலந்துவிட்டால், படம் வைஃபை பக்கமும் கொட்டும். வைஃபை, மல்டிகாஸ்ட் பொட்டலங்களைப் பொதுவாகத் தன் மிக மெதுவான வேகத்தில்தான் ஒலிபரப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது விநாடிக்கு 1 மெகாபிட்டாகக்கூட இருக்கலாம். 8 மெகாபிட் படத்தை அதற்குள் திணித்தால் கைபேசி, மடிக்கணினி எல்லாம் திணறும். டிவி போட்டதும் வைஃபை படுத்துவிடுகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ரவுட்டரில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற தேர்வை இயக்கினால், கேட்ட துளைக்கு மட்டுமே படம் போகும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், படம் வந்துவிட்டதே என்று உடனே எழுந்துவிடாதீர்கள். ஒரே சேனலை வைத்து, ரிமோட்டைத் தொடாமல், ஐந்து நிமிடம் முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள்.