ஸ்லிப்பர் ஆர்க்கிட்: செருப்பா, சப்பாத்தா?

ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்ற பூச்செடியின் பெயரைத் தமிழில் சொல்ல வந்தால் 'செருப்பு ஆர்க்கிட்' என்று எழுதத்தான் கை போகும். பூவைக் கிட்டத்தில் பார்த்தால் அந்தப் பெயர் ஒட்டாது. நமக்கு ஸ்லிப்பர் என்றால் தட்டையான அடியும் வாரும் உள்ள ரப்பர் செருப்பு. இந்தப் பூவின் கீழிதழோ ஒரு குழிந்த பை. முனை உருண்டு மூடியிருக்கும், வாய் மேலே திறந்திருக்கும். ஆங்கிலத்தில் ஸ்லிப்பர் என்பது விரல்களை மூடும் மெத்தென்ற வீட்டுக் காலணிக்கும் பெயர். பூவுக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான்.

தாவரவியல் பெயர்களில் செருப்போடு ஒரு தேவியும் வருகிறாள். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் ஐரோப்பியச் செடிக்கு சிப்ரிபீடியம் கால்சியோலஸ் என்று பெயர் வைத்தார். 'சிப்ரி' சைப்ரஸின் தேவி அஃப்ரோடைட்டி, கிரேக்கர்களின் காதல் தெய்வம். கால்சியோலஸ் என்றால் குட்டிக் காலணி. ஆசியச் செடிகளுக்கு 1886-ல் ஃபிட்சர் என்ற தாவரவியலாளர் வைத்தது பாஃபியோபெடிலம். பாஃபோஸ் அதே தேவியின் கோயில் இருந்த ஊர். பெடிலோன் கிரேக்கத்தில் வார்ச்செருப்பு. சரி, கிரேக்கமும் நம்மைப் போலவே சறுக்கியிருக்கிறது! வளர்ப்பவர்கள் இவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, 'பாஃப்' என்பதோடு சரி.

அந்த மூடிய முனையில்தான் பூவின் தந்திரம் இருக்கிறது. வழுக்கும் விளிம்பில் கால் தவறி பூச்சி உள்ளே விழும். வந்த வழியே ஏற முடியாது. பின்சுவரில் இருக்கும் மயிர்களைப் பிடித்து ஏறி, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியை உரசி, மகரந்தத்தை முதுகில் அப்பிக்கொண்டு இடுக்கு வழியாக வெளியேறும். வாரும் தட்டையும் உள்ள செருப்பில் எந்தப் பூச்சி மாட்டும்? வளர்ப்பவருக்கும் இந்தப் பையின் மேல் ஒரு கண் வேண்டும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் அது கிண்ணம்போல் நிரம்பி, பூ சீக்கிரமே கறுத்துவிடும். எனக்கு முதல் பூ போனது அப்படித்தான்.

சேகரிப்போர் உலகில் பெயரைப்போல் ஊரும் முக்கியம். போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் பாஃபியோபெடிலம் ரோத்ஸ்சைல்டியானம் 1888-ல் பெயர் பெற்றது. போட்டியாளர்கள் தேடிப் போகக்கூடாதென்று விற்றவர்கள் அதை நியூ கினியிலிருந்து வந்ததாகச் சொல்லிவைத்தார்கள். விதையிலிருந்து பூக்கப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகும் செடி என்பதால் காட்டில் பிடுங்குவதே லாபமாக இருந்தது. இப்போது பாஃபியோபெடிலம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டுச் செடியை நாடு விட்டு நாடு விற்கக்கூடாது.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'பாதுகை' என்றால் கட்டைச் செருப்பு நினைவுக்கு வரும். பெரும்பாணாற்றுப்படையின் 'அடிபுதை அரணம்' பொருளால் அருமை, பாதத்தை மூடுவது என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் செடி கேட்டுப் போகிறவர் வாயில் அது வராது. என் ஓட்டு 'சப்பாத்து'க்கு. போர்த்துக்கீசிய 'சபாத்து' வழியாக வந்து, மூடிய காலணிக்கு நிலைத்துவிட்ட சொல். சப்பாத்துக்கள்ளி என்று ஒரு செடிக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறோமே! தனித்தமிழ் இல்லை என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு 'மூடுகாலணி ஆர்க்கிட்' இருக்கிறது. தொட்டியில் செருகும் சீட்டில் மட்டும் தாவரவியல் பெயரையே எழுதுங்கள். பூக்காத நாளில் ஒரு பாஃபின் இலையை வைத்து இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்வது பெரும்பாடு.