பூட்டிய கணினியை வெளியிலிருந்து திறப்பது எப்படி?

2012-இல் அமெரிக்க வீடுகள் பலவற்றில், இணையத்தில் உலாவிக்கொண்டிருந்தபோதே கணினித் திரையை ஓர் அறிவிப்பு முழுக்க மூடிக்கொண்டது. மேலே எஃப்.பி.ஐ. முத்திரை. சட்டவிரோதப் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள், திருட்டுப் பாடல்களை இறக்கியிருக்கிறீர்கள், எனவே கணினி முடக்கப்படுகிறது, 200 டாலர் அபராதத்தைக் கடையில் பணம் கொடுத்து வாங்கும் மணிபேக் அட்டை வழியாகக் கட்டுங்கள் என்றது அது. சில கணினிகளில் வெப்கேமராவை இயக்கி, பயனரின் முகத்தையே திரையில் காட்டியது. இணைய முகவரியை வைத்து நாட்டைக் கண்டுபிடித்துவிடும் என்பதால், பிரிட்டனில் இதே அறிவிப்பு லண்டன் காவல்துறையின் பெயரில் வந்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 100 யூரோ கேட்டது. ரெவெட்டான் என்று பெயர் பெற்ற தீநிரல் இது. அந்த ஆகஸ்டில் எஃப்.பி.ஐ.யே மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. இதை உருவாக்கிப் பரப்பியதாக 27 வயது ரஷ்யர் ஒருவர் துபாயில் பிடிபட்டதை 2013 பிப்ரவரியில் ஸ்பெயின் காவல்துறையும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் அறிவித்தன.

பயந்துபோய்ப் பணம் கட்டியவர்கள் ஏராளம். அவர்களுக்கு அப்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: அந்தக் கணினியில் எதுவுமே பூட்டப்படவில்லை. புகைப்படங்கள், ஆவணங்கள், விண்டோஸ் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. திரையில் தெரிந்தது வெறும் ஒரு சாளரம். ஓரங்களே இல்லாமல் திரையின் முழு அளவுக்கு விரிந்து, மற்ற எல்லாச் சாளரங்களுக்கும் மேலே நிற்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. அதை மூடுவதற்கு, ஓடும் நிரல்களை நிறுத்த உதவும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கலாம் என்றால், பின்னணியில் ஓடும் நிரல் அதைத் திறந்த கணமே மூடிவிடும். கணினியை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. விண்டோஸ் எழும்போது அதுவும் கூடவே எழுந்துவிடும்.

இந்தக் ‘கூடவே எழுவது’தான் முழு விஷயத்துக்கும் சாவி. மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரல். அது வட்டிலிருக்கும் ஒரு சிறு தொடக்க நிரலை எழுப்புகிறது. தொடக்க நிரல் விண்டோஸின் மையப் பகுதியான கருவை (கெர்னல்) எழுப்ப, கரு வன்பொருள்களை இயக்கும் டிரைவர்களை ஏற்றுகிறது. பிறகு வின்லாகான் என்ற பகுதி நம்மை உள்ளே விடுகிறது. அதன் பின்னரே எக்ஸ்ப்ளோரர் வந்து டெஸ்க்டாப்பையும் ஐகான்களையும் வரைகிறது. கடைசியாக, தானாகத் தொடங்க வேண்டிய நிரல்களின் பட்டியலை விண்டோஸ் படித்து ஒவ்வொன்றாக ஓட்டுகிறது. இந்த வரிசையில் முன்னால் எழுபவர், பின்னால் எழுபவர் எதைப் பார்க்கலாம், எதைச் செய்யலாம் என்பதை முடிவு செய்ய முடியும். பிடிவாதமான தீநிரல் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த வரிசையில் முன்னே இடம் பிடித்துக்கொண்ட நிரலைத்தான். அதை நீக்கும் வழி, அதற்கும் முன்னால் நாம் எழுவது.

ரெவெட்டான் பிடித்திருந்தது வரிசையின் கடைசி இடத்தை. ஸ்டார்ட்அப் கோப்புறையில் ஒரு குறுக்குவழியைப் போட்டு வைத்திருந்தது, அவ்வளவே. இன்றியமையாத பகுதிகளை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் விண்டோஸ் அந்தக் கோப்புறையையும் தானியங்கிப் பட்டியலையும் படிக்காமல் தாண்டிவிடும் என்பதால், அங்கே போய்க் குறுக்குவழியையும் அது சுட்டும் கோப்பையும் அழித்தால் போதும். அதன் சகோதர நிரல்கள் சில ஒரு படி மேலே போயின. விண்டோஸின் அமைப்புகளெல்லாம் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் வின்லாகானுக்கு உரிய இடத்தில், ‘ஷெல்’ என்ற பெயருக்கு எதிரே எக்ஸ்ப்ளோரர் என்று எழுதியிருக்கும். அதை அழித்துவிட்டுத் தங்கள் பெயரை எழுதிக்கொண்டன. இப்போது டெஸ்க்டாப்புக்குப் பதிலாக மிரட்டல் திரையையே விண்டோஸ் கடமையாக எழுப்பும். சாதாரண சேஃப் மோடும் இதே வரியைத்தான் படிக்கிறது, ஆகவே அங்கும் அதே திரை. ஆனால் ‘கமாண்ட் ப்ராம்ப்ட் உடன் சேஃப் மோட்’ என்று இன்னொரு தெரிவு இருக்கிறது. அது இந்த வரியைத் தொடாமல், ரெஜிஸ்ட்ரியில் வேறோர் இடத்தில் குறித்திருக்கும் கறுப்புக் கட்டளைத் திரையை எழுப்பும். அங்கிருந்து ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, திருத்தப்பட்ட வரியைப் பழையபடி எழுதிவிடலாம். இதையும் அறிந்த சில தீநிரல்கள் சேஃப் மோடுக்குத் தேவையான ரெஜிஸ்ட்ரிப் பகுதியையே அழித்தன. சேஃப் மோடில் நுழைந்தால், விண்டோஸ் நிலைகுலைந்து நிற்கும்போது தோன்றும் நீலத்திரைதான் வரும்.

அந்த நிலையில் விண்டோஸை எழுப்புவதையே கைவிட வேண்டும். வேறொரு சுத்தமான கணினியில் மீட்பு வட்டு ஒன்றைப் பென்டிரைவில் எழுதி எடுத்துவந்து, அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க் போன்றவை லினக்ஸில் ஓடுபவை. விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்க, அதன் வட்டு முழுவதும் வெறும் கோப்புகளாக லினக்ஸின் முன் விரிந்து கிடக்கும். ஓடாத நிரல் எதையும் தடுக்க முடியாது. ஒன்றையொன்று காவல் காத்து, ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை உயிர்ப்பிக்கும் இரட்டை நிரல்கள்கூட இங்கே அசையாத கோப்புகள்தான். ரெஜிஸ்ட்ரியும் சில கோப்புகளே என்பதால் அதையும் வெளியிலிருந்தே திருத்தலாம். மாற்றப்பட்ட ஷெல் வரியைத் தேடிச் சரிசெய்யவென்றே அந்த வட்டில் விண்டோஸ் அன்லாக்கர் என்ற கருவியைச் சேர்த்திருந்தார்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. அடுத்த முறை வேகமாக எழுவதற்காகத் தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் சேமித்து வைக்கிறது. அப்படி அரைத்தூக்கத்தில் இருக்கும் வட்டில் லினக்ஸ் எதையும் எழுத மறுக்கும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும்.

இன்னும் ஆழத்தில், விண்டோஸின் கண்ணுக்கே படாமல் தங்களை மறைத்துக்கொண்டு ஒளிபவை ரூட்கிட்டுகள் என்ற தீநிரல்கள். எனக்கு இதில் மிகவும் பாடம் தரும் கதை 2010 பிப்ரவரியில் நடந்தது. மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. அதை நிறுவிய பல கணினிகள் நீலத்திரையோடு விழுந்தன, எழவே இல்லை. எல்லோரும் திருத்தத்தைத்தான் குறை சொன்னார்கள். ஆராய்ந்து பார்த்தால், அந்தக் கணினிகளில் ஏற்கெனவே அலுரியான் என்ற ரூட்கிட் குடியிருந்தது. விண்டோஸின் கருவில் குறிப்பிட்ட வேலைகள் இருக்கும் முகவரிகள் மாறாதவை என்ற நம்பிக்கையில் அது எழுதப்பட்டிருந்தது. திருத்தம் கருவை மாற்றியதும் முகவரிகள் நகர்ந்துவிட, ரூட்கிட் தவறான இடத்தைத் தொட்டுக் கணினியையே சாய்த்தது. அதுவரை அந்த வீடுகளில் இருந்த ஆண்டிவைரஸ்கள் பலவற்றின் கண்ணில் அது படவில்லை. காரணம், அது புகுந்திருந்தது வட்டைப் படிக்கும் டிரைவருக்குள். ஆண்டிவைரஸ் ‘இந்தக் கோப்பைக் காட்டு’ என்று கேட்டால், கேள்வி ரூட்கிட்டின் வழியாகத்தான் போகும், அதுவும் பழைய சுத்தமான கோப்பை எடுத்துக் காட்டும். வீட்டுக்குள் புகுந்த திருடனையே விளக்குப் பிடிக்கச் சொல்லித் திருடனைத் தேடுவது போன்றது இது. அதே ரூட்கிட்டின் பிந்தைய வடிவம் வட்டின் முதல் 512 பைட்டுகளான மாஸ்டர் பூட் ரெக்கார்டுக்கே போய், விண்டோஸின் கரு எழுவதற்கு முன்பே எழுந்துகொண்டது. வெளியிலிருந்து தொடங்கினால் இரண்டு வடிவங்களும் அம்பலமாகிவிடும்.

இப்போதைய விண்டோஸில் இந்த வழி உள்ளேயே வந்துவிட்டது. விண்டோஸோடு வரும் ஆண்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தால், கணினி மறுதொடக்கமாகி, வழக்கமான விண்டோஸ் ஏறாமலேயே வட்டைச் சோதிக்கிறது. சுமார் 15 நிமிடம் ஆகும். செக்யூர் பூட் என்ற ஏற்பாடு, நம்பகமான மின்கையொப்பமில்லாத தொடக்க நிரலை ஃபர்ம்வேர் எழுப்பாமல் தடுக்கிறது. ஃபர்ம்வேருக்குள்ளேயே குடியேறும் லோஜாக்ஸ் போன்றவையும் உண்டு. 2018-இல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்த இது, வட்டையே மாற்றினாலும் போகாது. ஆனால் அதன் குறி அரசு நிறுவனங்கள். வீட்டுக் கணினிக்காக அதை எண்ணித் தூக்கம் கெட வேண்டாம்.

வீட்டில் உண்மையாக இடிக்கும் இடம், வட்டைப் பூட்டும் விண்டோஸ் ஏற்பாடான பிட்லாக்கர். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் முன்கூட்டியே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. மீட்பு வட்டிலிருந்து பார்த்தால் பொருளற்ற பைட்டுகள்தான் தெரியும். 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும் நாளிலேயே அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திரையை மறைக்கும் தீநிரலையும் கோப்புகளைக் குறியாக்கும் தீநிரலையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. 2013 செப்டம்பரில் வந்த கிரிப்டோலாக்கர் கோப்புகளையே குறியாக்கியது. சாவி குற்றவாளிகளின் சர்வரில் இருந்தது. தீநிரலை வேரோடு நீக்கினாலும் படங்கள் திரும்பாது. 2014-இல் காவல்துறைகள் அந்த வலையமைப்பைக் கைப்பற்றிய பிறகு, கிடைத்த சாவிகளைக் கொண்டு ஃபயர்ஐ, ஃபாக்ஸ்-ஐடி நிறுவனங்கள் இலவச மீட்புச் சேவை நடத்தின. யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் இப்படிப்பட்ட சாவிகள் தொடர்ந்து சேர்கின்றன. ஆகவே குறியாக்கப்பட்ட கோப்புகளை அழிக்காமல் தனி வட்டில் வைத்திருப்பது பயனுள்ளது.

ரெவெட்டானுக்குத் திரும்பினால், அது பல கணினிகளில் தனியாக வரவில்லை. சிட்டடெல் என்ற வங்கித் திருட்டு நிரல்தான் அதைக் கூட்டிவந்தது. மிரட்டல் திரை போன பிறகும் சிட்டடெல் சத்தமில்லாமல் கடவுச்சொற்களைச் சேகரித்துக்கொண்டிருந்தது. எனவே திரை திறந்ததும் அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காமல், முதலில் வெளியிலிருந்து முழு வட்டையும் ஒரு முறை சோதிக்க வேண்டும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவது நல்லது. கடவுச்சொற்களையெல்லாம் வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ இருந்து, மின்னஞ்சலில் தொடங்கி, மாற்ற வேண்டும்.