கிளட்சை விட்டதும் வண்டி ஏன் ஆஃப் ஆகிறது?

பைக் பழகும் முதல் நாளில் அநேகமாக எல்லோருக்கும் நடப்பதுதான். முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிடும். பழக்கிவிடுபவர் "மெதுவா விடு, மெதுவா விடு" என்பார். சரியான அறிவுரை, ஆனால் பாதிதான். எந்த இடத்தில் மெதுவாக என்பதுதான் விஷயமே.

பெட்ரோல் எஞ்சினால் நின்ற நிலையிலிருந்து எதையும் இழுக்க முடியாது. சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவில் அது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. மற்ற நேரமெல்லாம், உள்ளே காற்றை அழுத்துவது உட்பட, சுழலும் கனமான பாகங்களின் வேகமே வேலையை நடத்துகிறது. அந்த வேகம் மிகவும் குறைந்தால் அடுத்த அழுத்தத்தைத் தாண்ட முடியாமல் எஞ்சின் நின்றுவிடும்.

100 சிசி வண்டிகளில் முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 30 முறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். அப்படியானால் ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் போகும். நாம் நடக்கும் வேகம். பூஜ்யத்துக்கும் இந்த ஐந்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கடத்திவிடுவதுதான் கிளட்சின் வேலை. அதைத் தாண்டிவிட்டால் முழுதாக விட்டாலும் வண்டி நிற்காது.

கிளட்சுக்குள் உராய்வுத் தகடும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஒருவகைத் தகடு எஞ்சினோடு சுற்றும், மற்றது கியர்பாக்ஸோடு. ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். லிவரைப் பிடித்தால் இறுக்கம் தளரும். பாதி விட்ட நிலையில் தகடுகள் வழுக்கிக்கொண்டே கொஞ்சம் விசையைக் கடத்துகின்றன. எவ்வளவு என்பதை நம் விரல்கள் தீர்மானிக்கின்றன.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 100 சிசி வண்டியான ஸ்ப்ளெண்டர் பிளஸின் எடை 112 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த 177 கிலோவை 0.2 விநாடியில் 5 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, எஞ்சின் 12 நியூட்டன் மீட்டருக்கும் அதிகமான முறுக்குவிசை, அதாவது சுழற்றும் விசை, தர வேண்டும். அந்த எஞ்சினின் உச்சமே 8.05தான், அதுவும் 6,000 சுற்றில். ஆக்சிலேட்டரைத் தொடாத ஐடிலிங்கில் எங்கே கிடைக்கும்? அதே வேலையை 2 விநாடியில் செய்தால் ஒன்றேகால் நியூட்டன் மீட்டர் போதும். கை நடுங்கியதால் வண்டி நிற்கவில்லை, எஞ்சினிடம் இல்லாததைக் கேட்டதால் நின்றது.

அதனால் நான் சொல்வது இதுதான்: லிவரை வேகமாகவே விட்டுக்கொண்டு வாருங்கள், ஆனால் கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் விரலை அங்கேயே நிறுத்துங்கள். எஞ்சின் சத்தம் லேசாகக் கம்மும், வண்டி முன்னால் நகரப் பார்க்கும். அதுதான் இடம். வண்டி நடைவேகத்துக்கு வரும்வரை அங்கேயே பிடித்திருந்துவிட்டு, அப்புறம் மிச்சத்தை விடலாம். சமதரையில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் இதை மட்டும் பழகினாலே பயம் பெருமளவு போய்விடும்.

தகடு தேய்ந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். இப்படி ஒரு முறை கிளம்பும்போது உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 170 ஜூல்; ஒரு மடக்குத் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் அளவு. எஞ்சின் ஆயிலே அதை வாங்கிக்கொள்ளும். டிராஃபிக்கில் கிலோமீட்டர் கணக்கில் பாதி கிளட்சிலேயே ஓட்டுவதுதான் தகடுகளைக் கெடுக்கும்.

ஸ்கூட்டியில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே எஞ்சின் வேகம் கூடும்போது கிளட்ச் தானே விரிந்து பிடித்துக்கொள்கிறது. மின்சார மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழு இழுவிசை உண்டு என்பதால் கிளட்சே தேவைப்படுவதில்லை.

லைசென்ஸுக்கு எட்டுப் போடும்போதும் இதே விரல் வேலைதான். ஐந்துக்கும் குறைவான வேகத்தில் திரும்ப நேர்ந்தால், லிவரை மறுபடி அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வேறொருவர் வண்டி என்றால் அந்த இடமே மாறியிருக்கும்: கேபிள் தளர்ந்திருந்தால் கைப்பிடிக்குப் பக்கத்தில், தகடு தேய்ந்திருந்தால் ஏறக்குறைய முழுதாக விட்ட பிறகு. கிளம்புமுன் ஒரு தடவை அது எங்கே பிடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.